நானூற்றுப் பதினொரு 'விடு'

'டெக்னிக்கல் டைரக்டர்' என்ற சொல்லை கோச் இடி முதன்முதலாகக் கேட்டபோது, அவர் வாயைப் பிளந்துகொண்டு மல்லாந்து படுத்திருந்தார். வாய்க்குள் ஒரு கண்ணாடி, ஒரு கொக்கி, எச்சில் உறிஞ்சும் குழாய், போதாததற்குப் பல் டாக்டரின் இரண்டு விரல்கள். அந்தப் பல் டாக்டர்தான் அவர்களுடைய கால்பந்து கிளப்புக்குத் தலைவர். இடி அதன் பெரிய அணிக்குப் பதினான்கு வருடமாகக் கோச்.

"கோச், நம்ம கிளப்புக்கு ஒரு டெக்னிக்கல் டைரக்டர் போடலாம்னு கமிட்டியில பேச்சு. உங்களுக்கு ஆட்சேபனை இல்லையே?"

"ஆ... ஆ..." என்றார் இடி.

"சந்தோஷம். நீங்கதான் குறுக்க நிப்பீங்கன்னு எல்லாரும் பயந்தாங்க."

"ஆஆ!"

"வலிக்குதா? இன்னும் ரெண்டே நிமிஷம்."

வாய் கொப்பளித்து எழுந்தபோது இடியின் பாதி முகம் மரத்துப்போயிருந்தது. ஆனாலும் கேட்டார். "எதுக்கு தைரக்தரு? வந்து கோல் போதுவாரா?"

டாக்டர் கையுறையைக் கழற்றினார். "நீங்க அடுத்த ஞாயித்துக்கிழமை ஆட்டத்தப் பாக்கறீங்க. உங்க மாப்ள அவரு அணியோட அடுத்த ஞாயித்துக்கிழமையப் பாக்கறாரு. மூணு வருஷம் கழிச்சு இந்தக் கிளப்பு என்ன ஆகும்னு யாரு பாக்கறது? பல்லு ஆடினப்புறம் ஓடி வர்றவங்களப் பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு, கோச்."

"யாரு அந்த ஆளு?"

"உங்க தங்கச்சி."

மரத்துப்போன பாதியில் வலி தெரியவில்லை. மற்ற பாதியில் நன்றாகவே தெரிந்தது.

இடி என்பது தாய் தகப்பன் வைத்த பெயர் அல்ல. மைதானத்தின் ஓரத்தில் நின்று அவர் ஒரு சத்தம் போட்டால், அடுத்த காம்பவுண்டில் இருக்கும் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வேலை முடிந்துவிட்டதென்று நான்கு பேர் எழுந்து நிற்பார்கள். வார நாட்களில் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுப்பது அவர் பிழைப்பு. அங்கேயும் அதே தொண்டைதான். கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத்தான் பாடம் நடக்கும்.

தங்கை பன்னிரண்டு வருடம் பந்து உதைத்தவள். வெளியூர்க் கிளப் ஒன்றில் சின்னப் பிள்ளைகளைப் பழக்கியவள். கோச்சிங் பரீட்சைகளை ஒன்று மிச்சம் வைக்காமல் எழுதித் தேறியவள். அண்ணன் இரண்டாவது பரீட்சையோடு புத்தகத்தை மூடியது நமக்குள் இருக்கட்டும். அவளுடைய கணவர், அதாவது இடிக்கு மாப்பிள்ளை, பதினெட்டு வயதுக்குட்பட்டோர் அணிக்குக் கோச்.

மச்சானும் மாப்பிள்ளையும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. சொத்தா, சுகமா, ஒன்றுமில்லை. ஒவ்வொரு வருடமும் மாப்பிள்ளையின் அணியிலிருந்து நல்ல பையன்கள் இரண்டு பேர் பெரிய அணிக்கு வருவார்கள். அங்கே சிங்கமாக இருந்தவர்கள் இங்கே வந்ததும் திருதிருவென்று விழிப்பார்கள். "இப்படியா வளர்த்து அனுப்புவாரு?" என்பார் இடி. "தங்கமா வளர்த்துத்தான் அனுப்பினேன். போன இடம் சரியில்ல" என்பார் மாப்பிள்ளை. கேட்கிறவர்களுக்கு இது பந்து விஷயமா, பெண் கொடுத்த விஷயமா என்றே சந்தேகம் வரும். கடைசியில் ஒருநாள், முப்பது பேர் முன்னால் மாப்பிள்ளை சொல்லிவிட்டார்: "மச்சான், உங்களுக்குக் கத்தத்தான் தெரியும். கத்துக்குடுக்கத் தெரியாது."

கற்றுக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட மனிதரைப் பார்த்து இப்படிச் சொன்னால் அவருக்கு எப்படி இருக்கும்? அன்றோடு பேச்சு நின்றது. "உன் புருஷன்கிட்ட சொல்லு", "உங்க அண்ணன்கிட்ட சொல்லு" என்று இரண்டு பக்கமும் தகவல் சுமந்து தங்கைக்குத்தான் வாய் வலித்தது.

கிளினிக் வாசலிலேயே இடி தீர்மானமாகச் சொன்னார். "அவ உள்ள வந்தா நான் வெளிய."

"அவசரப்படாதீங்க. இந்த சீசன் முடியட்டும். கடைசி ஆட்டம் முடிஞ்சதும் நீங்களே சொல்லுங்க, இந்தப் பதவி வேணுமா வேணாமான்னு. நீங்க வேணாம்னா அன்னைக்கே எடுத்துடலாம்" என்றார் டாக்டர். அதை மினிட்ஸ் புத்தகத்திலும் எழுதினார்கள். 'கோச் ஆ என்று ஒப்புக்கொண்டார்' என்று எழுதாததுதான் பாக்கி.

ஆனால் இடியின் உண்மையான கவலை பதவி அல்ல. அணி கடைசிக்கு முந்தின இடத்தில் கிடந்தது. கீழே இருக்கும் இரண்டு அணிகளும் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்க வேண்டும் என்பது லீக் விதி. முதல் டிவிஷனுக்கு ஏறி வர அவருக்குப் பதினோரு வருடம் பிடித்தது. இப்போது விழுந்தால் மறுபடி ஏற அவர் மனதில் தெம்பு இல்லை. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட.

தங்கை வேலையில் சேர்ந்தாள். என்ன வேலை செய்தாள் என்றுதான் யாருக்கும் புரியவில்லை. ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டாள். மடியில் நோட்டு. பெரிய அணி பயிற்சி செய்யும்போதும் அங்கே, கணவரின் அணி பயிற்சி செய்யும்போதும் அங்கே, டிராயிங் டீச்சர் மேய்க்கும் பொடிசுகள் அணி ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடும்போதும் அங்கே. வாயே திறக்கவில்லை. அவ்வப்போது ஒரு கோடு போடுவாள். நான்கு கோடு போட்டதும் குறுக்கே ஒன்று. இடிக்கு இருப்புக்கொள்ளவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் இரண்டு தடவை பின்னால் போய் எட்டிப் பார்த்தார். வெறும் கோடுகள். ஆட்டக்காரர்கள் அவளை 'டைரக்டர் அக்கா' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோல் விழுந்தது. எதிரணிக்காரன் ஒருவன் நீளமாக ஒரு பந்தைப் போட்டான். நம் பின்கள ஆட்டக்காரன் அதை நோக்கி ஓடினான். மாப்பிள்ளையிடமிருந்து இந்த வருடம்தான் வந்தவன், ஆறடிக்கு மேல் உயரம், சதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, அதனால் ஒட்டடைக்குச்சி, சுருக்கமாக ஒட்டடை. கோல்கீப்பர் பூட்டு, அனுபவசாலி, வெளியே பாய்ந்து வந்துகொண்டே "விடு!" என்று கத்தினார். ஓரத்திலிருந்து இடியும் "விடு!" என்று முழங்கினார். ஒட்டடை ஒரு நொடி இருவரையும் பார்த்தான். பிறகு மிகவும் பணிவாக, பூட்டு எங்கே நிற்க வேண்டுமோ அந்த இடத்துக்குப் பந்தைத் தட்டி அனுப்பினான். பூட்டு அங்கே இல்லை. பந்து உருண்டு உருண்டு, யாருக்கும் அவசரமே இல்லாதது போல, சொந்த வலைக்குள் போய் நின்றது.

இந்த சீசனில் இது நான்காவது சேம்சைடு கோல். ஆட்டம் அதனாலேயே தோற்றது. இடி தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். தங்கை மட்டும் நோட்டில் இரண்டு கோடு போட்டாள்.

ஆட்டம் இல்லாத மறு ஞாயிற்றுக்கிழமை கூட்டம், கிளினிக்கின் காத்திருப்பு அறையில். மேசைமேல் பிளாஸ்டர் பல்செட் ஒன்று எல்லோரையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. நீள பெஞ்சின் ஒரு கோடியில் இடி, மறு கோடியில் மாப்பிள்ளை, நடுவில் மாட்டிக்கொண்ட டிராயிங் டீச்சர்.

தங்கை நோட்டைப் பிரித்தாள். "மூணு வாரம், மூணு அணி. 'விடு'ங்கற சொல்ல நானூத்திப் பதினோரு தடவ கேட்டேன்."

யாரோ சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"பொடிசுங்க அணியில டீச்சர் 'விடு'ன்னா, 'அவன் சட்டைய விடு'ன்னு அர்த்தம்."

"அதுதான் பாதி நேரம் நடக்குது" என்றார் டிராயிங் டீச்சர்.

"எங்க வீட்டுக்காரர் 'விடு'ன்னா, 'பக்கத்துல இருக்கறவனுக்குப் பந்த விடு.' அண்ணன் 'விடு'ன்னா, 'ஓங்கி ஒண்ணு விடு.' கோல்கீப்பர் 'விடு'ன்னா, 'தொடாத, நான் பாத்துக்கறேன்.' ஒட்டடை ஆறு வருஷம் இந்தக் கிளப்புல வளர்ந்தவன். விடுன்னா பாஸ் பண்ணுன்னு நாமதான் சொல்லிக்கொடுத்தோம். அவன் பண்ணினது சரி. கீப்பர் கத்தினதும் சரி. அண்ணன் கத்தினதும் சரி. எல்லாரும் சரியா இருந்ததாலதான் கோல் விழுந்துச்சு."

பிளாஸ்டர் பல்செட் மட்டும் சிரிப்பை நிறுத்தவில்லை.

"அதனால இனிமே பாஸுன்னா 'குடு'. கோலுக்கு உதைக்கணும்னா 'அடி'. கீப்பர் வர்றாருன்னா 'எனக்கு!' 'விடு'ன்னா ஒரே அர்த்தம்தான்: பந்தத் தொடாத, போக விடு. பொடிசுங்கள்ல இருந்து பெரிய அணி வரைக்கும் ஒரே பேச்சு."

மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவி ஒரு பார்வை பார்த்தாள். எடுத்த வாயை மூடிக்கொண்டார்.

இடி எழுந்துவிட்டார். "அகராதி எழுதறதுக்கா டைரக்டர்? பதினாலு வருஷமா என் வாயில இருக்கற சொல்ல நீ பிடுங்கறியா?"

"பிடுங்கறது என் வேலை, கோச். அவங்க சும்மா எடுத்து ஓரமா வெக்கச் சொல்றாங்க" என்றார் பல் டாக்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். இடிக்கு மானம் போயிற்று. "ஞாபகம் வெச்சுக்குங்க, கடைசி ஆட்டம் முடிஞ்சதும் நான்தான் சொல்லணும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார். பிளாஸ்டர் பல்செட்டைப் போகிற போக்கில் மூடிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு டிரைவிங் ஸ்கூல் காரில் தையல்காரம்மா. ஐம்பத்திரண்டு வயதில் கார் கற்றுக்கொள்ள வந்தவர். கையில் அளவெடுக்கும் சுத்தம், காலில் நடுக்கம். முன்னால் சாலை காலி. இடி சொன்னார்: "விடுங்க."

தையல்காரம்மா ஒரு கணம் யோசித்தார். பிறகு ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"விடுங்கன்னா!" என்று இடி முழங்க, அவர் கால்களையும் தூக்கிவிட்டார். கார் தானாகப் போய், ஒரு பூக்கடை வாசலில் அடுக்கியிருந்த காலிக் கூடைகளை மொத்தமாகச் சாய்த்தது. இடி தன் பக்கத்து பிரேக்கை மிதித்தார். கூடை ஒன்று பானெட்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"என்னம்மா இது? கைய யாராவது விடுவாங்களா?"

தையல்காரம்மாவுக்கும் கோபம் வந்துவிட்டது. "எதத்தான் சார் விடறது? வியாழக்கிழமை விடுன்னீங்க, கிளட்ச்ச விட்டேன், சரின்னீங்க. வெள்ளிக்கிழமை விடுன்னீங்க, வண்டிய விட்டேன், சபாஷ்னீங்க. அந்த ஆட்டோ வந்தப்போ விடுன்னீங்க, வழி விட்டேன். இன்னைக்கு எதுன்னு தெரியல. எல்லாத்தையும் விட்டுட்டேன்!"

இடி பானெட்மேல் இருந்த கூடையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இருபது வருடத்தில் எத்தனை பேரை, 'காது கேக்காதா', 'மண்டையில ஏறாதா' என்று திட்டியிருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தார். ஒட்டடை அன்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்த அந்த முகம் ஞாபகம் வந்தது. வெட்கமாக இருந்தது. சுருக்கென்று அல்ல, நன்றாகவே வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுக்குங்கம்மா. கிளட்ச்ச மெதுவா மேல எடுங்க. ஸ்டியரிங்க மட்டும் பிடிச்சுக்குங்க" என்றார். இவ்வளவு மெதுவான குரல் அவரிடம் இருக்கிறதென்று அன்றுதான் அவருக்கே தெரிந்தது.

தங்கையிடம் இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தோற்றதை ஒப்புக்கொள்வதற்கு முன்னால் கோச்சுகளுக்கு ஆயிரம் சோலி இருக்கும். ஆனால் செவ்வாய்க்கிழமை பயிற்சியில் ஆட்டக்காரர்களை நிற்க வைத்து, "இனிமே டைரக்டர் சொன்ன பேச்சுதான். யாராவது மாத்திப் பேசினா மைதானத்தச் சுத்தி ரெண்டு ரவுண்டு" என்றார். சொன்ன அரை மணி நேரத்தில் முதல் இரண்டு ரவுண்டு அவர்தான் ஓடினார். பூட்டும் ஒட்டடையும் உடன் ஓடி வந்து, வேண்டுமென்றே மெதுவாக ஓடி மானத்தைக் காப்பாற்றினார்கள்.

பதினான்கு வருடச் சொல் நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் "அடி! அடி!" என்று சொல்லிப் பழகினார், பக்கத்தில் பைக்கில் இருந்தவர் பயந்து விலகினார். குளியலறையிலும் பழகினார். மனைவி கதவைத் தட்டி, "யாரை அடிக்கறீங்க, உள்ள யாரு?" என்று கேட்டாள்.

அடுத்த மூன்று ஆட்டங்களில் ஒன்றில் ஜெயித்தார்கள், இரண்டு டிரா. சேம்சைடு கோல் ஒன்றுகூட இல்லை. கடைசி ஆட்டம் துறைமுக அணியோடு. ஜெயித்தால் முதல் டிவிஷனில் தங்கலாம். டிரா செய்தாலும் போதாது.

அன்று மூன்று அணிக்காரர்களும் மைதானத்தைச் சுற்றி நின்றார்கள். மாப்பிள்ளை எதிர்ப்பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தையல்காரம்மாகூட வந்திருந்தார், ஆட்டோவில்தான். இடைவேளைக்கு ஒன்றுக்கு ஒன்று. எழுபதாவது நிமிடம், அதே மாதிரி ஒரு நீளப் பந்து, அதே ஒட்டடை, அதே பூட்டு. "எனக்கு!" என்று பூட்டு கத்தினார். ஒட்டடை சட்டென்று ஒதுங்கினான். பூட்டு பந்தை வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். ஓரத்தில் நின்ற பொடிசுகள் முப்பது பேரும் "எனக்கு! எனக்கு!" என்று குதித்தார்கள். இடி திரும்பித் தங்கையைப் பார்த்தார். அவள் கூடைமேல் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். டைரக்டராம்!

கடைசி நிமிடம். நமக்கு ஒரு கார்னர். எல்லோரும் முன்னால் போனார்கள், ஒட்டடை உட்பட. பந்து தாழ்வாக, வேகமாகக் குறுக்கே வந்தது. நேராக ஒட்டடையின் காலுக்கு, கோலுக்கு ஆறு அடி தூரத்தில். இடியின் ரத்தமெல்லாம் தொண்டைக்கு ஏறியது. 'அடி' என்று கத்த வேண்டும். சிக்னலில் பழகிய சொல், குளியலறையில் பழகிய சொல். வாயைத் திறந்தார்.

"விடூ!"

சொல் வெளியே போய்விட்டது. பிடித்து இழுக்க வழியில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆளில்லாத அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வாட்ச்மேன் மட்டும் எழுந்து நின்றார். தொலைந்தோம் என்று இடி கண்ணை மூடிக்கொண்டார்.

அதனால் நடந்ததை அவர் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொன்னது இது. ஒட்டடை உதைக்கப் போகிறான் என்று துறைமுக அணியில் மூன்று பேர் அவன்மேல் பாய்ந்தார்கள், கீப்பர் விழுந்தார். ஒட்டடையோ காலை அகட்டினான். பந்தைத் தொடவில்லை. அது அவன் கால்களுக்கு நடுவே புகுந்து, பின்னால் தனியாக நின்ற, பேக்கரி வைத்திருக்கும் நம் முன்கள ஆட்டக்காரரிடம் போயிற்று. அந்த வருடம் ஒரு கோல்கூடப் போடாத மனிதர். முன்னால் காலி வலை. தட்டினார். அவ்வளவுதான்.

சத்தம் கேட்டுத்தான் இடி கண்ணைத் திறந்தார். தன்னைவிடப் பெரிய சத்தத்தை அவர் அதுவரை கேட்டதில்லை. பொடிசுகள் ஒன்றின் சட்டையை ஒன்று பிடித்துக்கொண்டு உருண்டார்கள். டிராயிங் டீச்சர் விடு என்று சொல்லவில்லை, அவரும் சேர்ந்து உருண்டார். ஆட்டக்காரர்கள் இடியைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

"என்ன மூளை கோச்! எல்லாரும் அடிப்பான்னு நெனச்சப்போ விடச் சொன்னீங்களே!"

மேலிருந்தபடியே இடி கூட்டத்தைப் பார்த்தார். பேசாமல் இருந்தால் போதும். இந்தப் புகழ் ஆயுள் முழுக்கக் கூடவே வரும். கீழே பல் டாக்டர் அண்ணாந்து நின்றார்.

"கோச், கடைசி ஆட்டம் முடிஞ்சுது. சொல்லுங்க. பதவி வேணுமா, வேணாமா?"

"எறக்குங்கடா என்னை" என்றார் இடி. இறங்கினார். கூடைமேல் இருந்து எழுந்து வந்த தங்கையின் முன்னால் போய் நின்றார். "நான் அடின்னு சொல்லத்தான் வாயத் திறந்தேன். பழைய சொல்லு வந்துடுச்சு. என் வாய் தப்பு பண்ணிச்சு, ஒட்டடை உன் பேச்ச சரியா கேட்டான். அதான் கோல். டாக்டர், எழுதிக்குங்க. பதவி வேணும். ஆளும் இதே ஆள்தான் வேணும்."

"தெரியும்ணா. உன் முகத்தப் பாத்ததுமே தெரிஞ்சுது" என்றாள் தங்கை. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சொல்ல முடியவில்லை.

"எழுதிக்கறேன்" என்றார் டாக்டர். "இனிமே வாய் திறந்து படுத்திருக்கும்போது எதுவும் கேக்க மாட்டேன்."

கூட்டம் விலகியது. மைதானத்தைக் கடந்து மாப்பிள்ளை வந்துகொண்டிருந்தார். வேகமாக வந்தவர், பக்கத்தில் வந்ததும் தயங்கினார். இரண்டு வருடத்துக்கு அப்புறம் நேராக மச்சானின் முகத்தைப் பார்த்தார்.

"மச்சான், அன்னைக்கு எல்லார் முன்னாடியும் நான் அப்படிச் சொன்னது..."

இடி மாப்பிள்ளையின் தோளில் கையைப் போட்டார்.

"விடுங்க, மாப்ள."

தங்கை பழக்கதோஷத்தில் நோட்டைத் திறந்தாள். பேனாவை எடுத்தாள். கோடு போடப் போனவள் நிறுத்தி, "அண்ணா, இது எந்த விடு?" என்று கேட்டாள்.

"இதுக்கு மட்டும் வேற சொல்லு வெச்சுடாதம்மா" என்றார் இடி, மாப்பிள்ளையின் தோளிலிருந்து கையை எடுக்காமல்.